துடக்கு எட்டாத வேட்பாளர்

இத்தாலியில், சிசிலியின் பலெர்மோ நகரில் எங்கள் பிள்ளையாரை வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தியவன் நான். இதை நீங்களே சொல்லித் திரியக்கூடாது என்று மனைவி சொல்வாள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குச் சட்டி கழுவ வந்தவன், இன்று சொந்தமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கோயில் மண்டபத்தையும் நான்தான் தேடிப் பிடித்தேன். முன்பு மீன் பெட்டி அடுக்கிய இடம். மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த வெடில் நாற்றம் போனது.

அந்த மண்டபத்துக்குத்தான் ஆபத்து வந்தது. தலைவர் தெரிவு நெருங்கியபோது, எதிர் அணிக்காரர் கோயிலைப் பகேரியாவுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அங்கே பெரிய இடம், கார் விட வசதி என்றார்கள். கார் யாரிடம் இருக்கிறது? அவர்களிடம் இருக்கிறது. எங்கள் கோயிலை நிரப்புவது வீட்டு வேலை செய்யும் பெண்கள். வியாழன் பின்னேரம் வீட்டுக்காரச் சின்யோரா கொஞ்ச நேரம் விடும்போது நடந்து வந்து, விளக்கேற்றி, தமிழில் நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போகிறவர்கள். பகேரியா என்றால் ரயில், பிறகு பஸ். கிடைக்கிற ஓய்வு தெருவிலேயே முடிந்துவிடும். தலைவராக வருகிறவர் சொல்வதுதான் நடக்கும் என்பதால், எங்கள் ஆள் வென்றால் மண்டபம் இருக்கும், தோற்றால் போய்விடும்.

எங்கள் ஆள் வெல்லக்கூடியவர்தான். படித்தவர், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பு வேலை. எதிர் அணிக்காரரே அவரைக் கண்டால் எழும்பி நின்று கதைப்பார்கள். எல்லோரும் வெற்றி நிச்சயம் என்று இருந்த நேரத்தில், மாற்று ஆள் ஒருவரையும் தெரிவு செய்து வைக்கவேண்டும் என்று சொன்னவன் நான்.

ஒரு வியாழன் பின்னேரம் என் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளில் உட்கார்ந்து கதைத்தோம்.

"அண்ணை, ஆள் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார். பிறகேன் மாற்று ஆள்?" என்றார் எங்கள் அணியின் செயலாளர்.

"குத்துக்கல்லுக்குச் சொந்தக்காரர் இல்லை. இவருக்கு இருக்கினம்," என்றேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். தலைவருக்கு நிற்பவர் தானே பிள்ளையார் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சம்மதம் சொல்லவேண்டும். சொந்தத்தில் சாவு விழுந்து துடக்கு என்கிற தீட்டு வந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் படி மிதிக்க முடியாது. எத்தனை படிப்பு இருந்தும் வெளியில்தான் நிற்கவேண்டும்.

"நல்ல காரியத்துக்கு முன்னம் சாவைக் கதைக்கிறியளே," என்று முகம் சுளித்த வேட்பாளரே, பிறகு, "சரி, அப்ப என்ரை பெரியப்பான்ரை மகனைப் போடுங்கோ, அவரும் பட்டதாரி," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே துடக்கெல்லோ, ராசா! ஒருத்தர் வெளியிலை நிண்டா மற்றவர் துணைக்குப் பக்கத்திலை நிப்பாரோ?"

பிறகு ஒவ்வொருவராக விசாரித்தேன். உங்கள் ஆட்களில் படுக்கையில் யார் இருக்கிறார்கள் என்று நேரே கேட்டேன். ஒருவருக்குக் கனடாவில் பெரியம்மா, மூச்சு இழுக்கிறது. செயலாளருக்கு ஊரில் சித்தப்பா, சாப்பாடு இறங்குவதில்லை. நாங்கள் எல்லோரும் ஒரே ஊர், சொந்தத்துக்குள் சொந்தம். ஒரு கிழவர் கண்ணை மூடினால் பாதி அணி வெளியே போய்விடும்.

அப்போது மிளகாய்த்தூள் வாங்க வந்து, போகாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவைக் காட்டினேன். வயதான ஒரு சிசிலி அம்மாவைப் பராமரிக்கிற வேலை. கோயிலில் மோதகம் அவிப்பதும் அவதான். வாய் என்றால் வாய்.

"இவ நிக்கட்டும்."

"பொம்பிளையளுக்கு மாதத் துடக்கும் இருக்கே, அண்ணை," என்றார் செயலாளர்.

"நீர் மீசை வைக்க முன்னமே எனக்கு அது நிண்டு போட்டுது, தம்பி," என்றா அக்கா. மூட்டைகள் குலுங்கச் சிரித்தோம்.

செயலாளர் விடவில்லை. "அப்ப உங்கடை ஆக்கள்? வருத்தமா ஆரும்..."

"என்ரை ஆக்களும் மனுசன்ரை ஆக்களும் ஊரிலை கடைசி யுத்தத்திலை ஒண்டாப் போட்டினம். துடக்குக் காக்க எனக்கு ஒருத்தரும் மிச்சமில்லை."

சாதாரணமாகத்தான் சொன்னா. செயலாளர் மூட்டையில் அச்சடித்திருந்த எழுத்தை வாசிக்கத் தொடங்கினார். எனக்கும் அது தெரியாது. நான் அவவின் வாயைப் பார்த்துத்தான் அவவைத் தெரிவு செய்தேன்.

"நிக்கிறன். ஆனா பேருக்கு நிக்கமாட்டன்," என்றுவிட்டு மிளகாய்த்தூளை எடுத்துக்கொண்டு போய்விட்டா.

தெரிவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, எங்கள் ஆளின் பெரியப்பா, லண்டனில் இருந்தவர், போய்விட்டார். எங்கள் ஆளும் அவருடைய பட்டதாரி அண்ணரும் ஒரே நேரத்தில் துடக்குக்காரர். எதிர் அணிக்காரர் ஒருவர் மரண அறிவித்தலைக் கோயில் வாட்ஸ்அப்பில் போட்டு, 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதி, கும்பிடும் கைகளையும் வரிசையாகப் போட்டிருந்தார். இவ்வளவு சந்தோசமான அனுதாபத்தை நான் கண்டதில்லை. அறிவித்தலில், பலெர்மோ என்று ஊரும் போட்டு, எங்கள் ஆளின் பெயர் இருந்தது. அது இல்லாவிட்டால் அவருடைய துடக்கு எதிர் அணிக்குத் தெரியவந்திராது.

உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"பேரைப் போடச் சொன்னதே நான்தான், அண்ணை. விட்டா சனம் என்ன சொல்லும்? பெறாமகனை மறந்திட்டினம் எண்டெல்லோ கதைக்கும்," என்றார். தலைவர் பதவி போனாலும் அறிவித்தலில் பெயர் போகக்கூடாது. அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை. நானும் போடச் சொல்லியிருப்பேன்.

ஞாயிறு காலை, தெரிவு நாள், எங்கள் ஆள் தெருவின் மறுபக்கம், பழக்கடைக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே எதிர் அணி வேட்பாளர் புதுப் பட்டு வேட்டியில், போட்டியே இல்லை என்று சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா முன்னால் போய்க் கற்பூரம் கொளுத்தினா. அவருடைய சிரிப்பு அணைந்தது.

"அக்கா, கொம்யூனே நகரசபையிலை போய் இத்தாலியிலை கதைக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இத்தனை வருசமா ஒரு சிசிலிக் கிழவியோடை சண்டை பிடிக்கிறன், தம்பி. அவவிலும் பார்க்கக் கொம்யூனே என்ன பெரிசே?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. கை உயர்த்தச் சொன்னபோது, எந்தக் கூட்டத்திலும் கை தூக்காதவர்கள், புருசன்மாரின் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார்கள். எண்ணவே தேவையில்லை என்று எதிர் அணி வேட்பாளரே உட்கார்ந்துவிட்டார். நான் தெருவுக்கு ஓடிப்போய் எங்கள் ஆளிடம் சொன்னேன். துடக்கில் நிற்பவரைத் தொடக்கூடாது என்பதையும் மறந்து அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அதனால் குளிக்காமல் நானும் உள்ளே போக முடியவில்லை. புதுத் தலைவருக்கு மாலை போடுவதை இருவரும் தெருவில் நின்றுதான் பார்த்தோம்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மண்டபச் சொந்தக்காரர் வந்தபோது, "பிரெசிதெந்தே எங்கே?" என்று என்னைப் பார்த்தார். நான் அக்காவைக் காட்டினேன். அவ பேனையை வாங்கி, கையெழுத்து வைக்கமுன் ஒழுகுகிற கூரையைக் காட்டி அவரை ஒரு பிடி பிடித்தா. மனுசன் திருத்தித் தருகிறேன் என்ற பிறகுதான் கையெழுத்து.

எல்லாம் பிள்ளையாரின் அருள் என்று சனம் சொல்கிறது. அவரும் உதவியிருப்பார், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆளைத் தெரிந்தெடுத்தது நான்.