சனிக்கிழமை மருந்து

என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். வீடு ஜீவனஹள்ளியில், அங்கிருந்து போய்வருவதற்குள் ஆளில் பாதி ரோட்டிலேயே தீர்ந்துவிடும். அங்கே அவரை ஓர் ஆளாக மதித்து 'சாப்பிட்டீங்களா' என்று கேட்க நாதியில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் அவரைப் பார்க்க வேண்டும். வெள்ளை அங்கியோடு பீடத்துக்குக் கீழே நின்று, ஃபாதர் ஒரு வரிசைக்கும் இவர் இன்னொரு வரிசைக்கும் நற்கருணை அப்பம் கொடுப்பார். குருப்பட்டம் பெறாத ஒருவருக்கு இந்த வேலை சும்மா கிடைத்துவிடாது. பங்கு மக்களிடம் நல்ல பேர் இருக்க வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும், மேலிடத்து அனுமதி வர வேண்டும். அனுமதி வந்த அன்றைக்கு மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் கையில்தான் வந்தது வினை. கொரோனா சமயத்தில் பீடத்தில் ஒரு சானிடைசர் பாட்டில் வைத்தார்கள். ஊர் உலகமே அதை மறந்துவிட்டது, எங்கள் சர்ச் மட்டும் மறக்கவில்லை. நற்கருணை கொடுப்பதற்கு முன்னால் எல்லோரும் பார்க்கும்படி கையில் ஊற்றித் தேய்க்க வேண்டும். இவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லையே, வீட்டிலும் ஆபீஸிலும் சேர்த்துத் தேய்த்தார். முதலில் விரலிடுக்கில் அரிப்பு. பிறகு உள்ளங்கை தடித்து வெடித்தது, புறங்கை செதில் செதிலாக உரிந்தது. ரசம் சாதம் பிசைந்தால் புளி பட்டு எரிகிறது என்று ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தார்.

ஸ்கின் டாக்டரிடம் போனோம். கரப்பான்தான், எக்ஸிமா என்போம், யாருக்கும் ஒட்டாது, ஆனால் லேசில் விடாது என்றார் அந்த அம்மா. ஓர் ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்து, போடும் விதத்தைத் தன் விரலிலேயே காட்டினார். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினால் அது ஒரு கைக்கு, முன்னும் பின்னும், போதும். மெல்லிசாகத் தடவ வேண்டும், தினமும் தடவ வேண்டும், சொன்ன வாரம் முடிந்ததும் வந்து காட்டிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தடவிய பிறகு மேலே எதையும் கட்டி மூடக் கூடாது, தோல் மெலிந்துபோகும். இது ஸ்டீராய்டு, பயந்து விட்டுவிடவும் வேண்டாம், இஷ்டத்துக்கு விளையாடவும் வேண்டாம் என்றார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நானும் நம்பித் தொலைத்தேன்.

தினமும் போட்டால் ஆபீஸில் கீபோர்டு பிசுபிசுக்கிறதாம், மெட்ரோவில் கம்பியைப் பிடித்தால் வழுக்குகிறதாம். வார நாட்களில் விட்டுவிட்டார். சனிக்கிழமை சாயங்காலமானால் உட்கார்ந்து, பன்னுக்கு ஜாம் தடவுகிற மாதிரி இரண்டு கையிலும் அப்பிக்கொண்டு, பிளாஸ்டிக் கவரை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொள்வார். அந்தக் கோலத்தில் நியூஸ் பார்ப்பார். சானல் மாற்றுவதற்கு அடுப்படியிலிருந்து நான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கை பளபளவென்று இருக்கும். திங்கட்கிழமை பழையபடி அரிப்பு, வாரம் பாதி போவதற்குள் வெடிப்பு. ட்யூப் தீர்ந்தால் டாக்டர் சீட்டில்லாமலே மருந்துக்கடையில் நீட்டுகிறார்கள், இவரும் வாங்கி வந்துவிடுவார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நீங்க கைக்கு மருந்து போடுறீங்களா, ஞாயித்துக்கிழமைக்கு மருந்து போடுறீங்களா?"

"அன்னிக்குத்தானே நாலு பேர் பாக்கிறாங்க," என்றார்.

மாதக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது. புறங்கைத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து நரம்பெல்லாம் தெரிய ஆரம்பித்தது. கதவில் லேசாக இடித்தாலே ஊதாவாகக் கன்றிப்போகும். டாக்டரிடம் போகலாம் என்றால், போனால் திட்டுவார் என்று தட்டிக்கழித்தார். சின்னப் பிள்ளையா, இழுத்துக்கொண்டு போக?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சானிடைசரைத் தேய்க்கும்போதே அவர் முகம் சுருங்கியதை நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பெண்மணி அவர் முன்னால் போய் நின்றாள். கட்டைவிரல் வெடிப்பில் ரத்தம் கசிந்திருக்கிறது, அவருக்கே தெரியவில்லை. அவள் பார்த்துவிட்டாள். அப்பத்தை வாங்கக் கையை நீட்டவில்லை, வாயைத் திறக்கவில்லை. குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஃபாதர் வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் என்ன ஏதென்று தெரியாமலே அவள் பின்னால் போனார். அவர் போனதைப் பார்த்து அடுத்தவர், அப்படியே மொத்த வரிசையும். ஒவ்வொருவருக்கும் "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். "கிறிஸ்துவின்" என்று ஆரம்பித்த இவர் பாதியில் நிறுத்தினார். எதிரே ஆள் இல்லை.

ரத்தத்தைக் கண்டு ஒதுங்கியதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் ரத்தம் இல்லை, வெடிப்பும் மூடியிருந்தது. அப்போதும் ஒதுங்கினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஒருத்தி என் காதோரம் வந்து, வேறு ஏதாவது டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டாள். அவள் எந்த வியாதியை மனசில் வைத்துக்கொண்டு கேட்டாள் என்று எனக்குத் தெரியாதா? எடுத்தோம், உங்கள் நாக்கைத்தான் டெஸ்ட் பண்ணச் சொன்னார்கள் என்றேன். அதற்கப்புறம் ஃபாதரே ஒருநாள் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று பூசையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஃபாதர் என்று நான் கெஞ்சினேன். அவர் சரி என்பதற்குள் இவர் குறுக்கே விழுந்தார். தன் கையைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாமாம்.

ஃபாதர் போன பிறகு அங்கியை மடித்து பீரோவில் வைத்தார். அவராகத்தான் சொன்னார்.

"அந்த ஒரு எடத்துலதான் ஜனங்க என்னத் தேடி வந்தாங்க."

மறுநாள் லீவு போடச் சொல்லி நானே டாக்டரிடம் கூட்டிப்போனேன். சனிக்கிழமை, பிளாஸ்டிக் கவர், மருந்துக்கடை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பக்கத்தில் இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் திட்டவில்லை. வெறுங்கையால் அவர் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வாரத்தில் என்னைத் தவிர இன்னொருவர் அந்தக் கையைத் தொட்டது அன்றைக்குத்தான். பழைய மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு இல்லாத வேறொன்றை எழுதினார். முதல் சில நாள் எரியும், எரிகிறதென்று விட்டுவிடக் கூடாது, சானிடைசர் பக்கமே போகக் கூடாது, கழுவித் துடைத்ததும் வாசலைன் தடவ வேண்டும் என்றார். இவர் மெதுவாக, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகுமா என்று கேட்டார்.

"எந்த ஞாயிறுன்னு கேக்காதீங்க சார். தினமும் போடுங்க."

போட்டார். திங்கட்கிழமை போட்டார், செவ்வாய்க்கிழமை போட்டார். எரிச்சலில் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கையை நீட்டாமல் நாக்கில் நற்கருணை வாங்கிக்கொண்டு வந்தார். மழைக்காலம் முடிவதற்குள் வெடிப்புகள் ஆறின. அரிப்பு எப்போதாவது தலைகாட்டும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். ஃபாதர் மறுபடி கூப்பிட்டார்.

பீடத்தில் இருந்த பாட்டிலை எடுத்துவிட்டு, கை கழுவத் தண்ணீரும் துண்டும் வைத்திருந்தார்கள். இவர் வரிசையில் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். முன்பு அளவுக்கு இல்லை, ஆனாலும் வந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. நானும் அதே வரிசையில் நின்றேன். வரிசை ஏன் இத்தனை மெதுவாக நகர்கிறது என்று எட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். நற்கருணையை எடுப்பதற்கு முன்னால், எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் தன் வலது கையை விரித்து, உள்ளங்கையைக் காட்டி, திருப்பிப் புறங்கையைக் காட்டி, வந்தவர் பார்த்துவிட்டாரா என்று ஒரு கணம் காத்திருந்துவிட்டுத்தான் எடுத்தார். காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

என் முறை வந்தது. அவர் நிமிரவில்லை. கையை விரித்தார், திருப்பினார், எனக்கும் காட்டினார்.