சிவதாணு விட்டுவிட்ட மழைக்குழிகள்

பாறசாலைப் பக்கம் குன்றை வெட்டி வீடு கட்டியவர்கள், பயம் வந்தால் சிவதாணுவைத்தான் தேடிப் போவார்கள். மண் பொறியாளர். குன்றின் சரிவைக் கணினியில் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்து மண் முதலில் தளரும், அது தாங்கிய சுமை அடுத்த கட்டத்தை எப்படித் தளர்த்தும் என்று கணக்குப் போடுவார். பேசும்போது எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார், மண்ணைத்தான் பார்ப்பார்.

பெருங்கடவிளை விஜயம்மாவின் வீட்டுக்குப் பின்னால் அப்படி வெட்டிய சரிவு. அதன்மேல் அவருடைய ரப்பர் தோட்டம். சரிவு நிற்கும் என்று ஏப்ரலில் சிவதாணு ஒன்பது பக்க ஆங்கில அறிக்கை கொடுத்திருந்தார்.

மே கடைசியில், தன் ரப்பர் தோட்டத்தின் மழைக்குழிகளைத் தூர்வாரிக்கொண்டிருந்த சிவதாணு, மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். மர வரிசைகளுக்கிடையே மழைநீரைத் தேக்கும் அந்தக் குழிகள் விஜயம்மாவின் தோட்டத்திலும் உண்டு. மண்ணைக் காக்கும் நல்ல காரியம் என்றே பழகியதால், கணக்கில் சேர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. மண்ணுக்குள் ஊறி இறங்கும் குழிநீரையும் சேர்த்துப் பார்த்தார். திரையில் சரிவின் அடிக்கட்டம், தளரும் என்று காட்டிச் சிவந்தது. பிறகு அதற்கு மேலே உள்ளது. சிவப்பு மெல்ல ரப்பர் மரங்கள்வரை ஏறிவிட்டது.

மறுநாள் காலையிலேயே விஜயம்மாவின் முற்றத்தில் போய் நின்றார்.

"அக்கா, நான் சொன்னது தப்பாக்கும். குழியெல்லாம் மூடணும். மழை முடியுறது வரை இங்க கிடக்கப்பிடாது."

"எலே, நிக்கும்னு சொன்னவனும் நீதானே! உன் கம்ப்யூட்டருக்குக் குழி தெரியாதோ?"

"நான் சொல்லிக் குடுக்கல்லக்கா."

"இடுப்பொடிய வெட்டின குழியாக்கும். மூடினா வீட்டுல கிடக்கலாமா?"

"அப்பவும் நிக்கும்னு உறப்பு சொல்ல மாட்டேன்."

விஜயம்மா உள்ளே போய் அந்த அறிக்கையை எடுத்து வந்தார். "இப்பச் சொன்னத இதுக்குப் பின்னால எழுதித் தா."

கடைசித் தாளின் பின்பக்கத்தில் சிவதாணு தமிழில் எழுதினார்: 'ஏப்ரலில் நான் போட்ட கணக்கு தவறு. மழைக்குழிகளை விட்டுவிட்டேன். இந்த மழைக்காலம் இவ்வீட்டில் தங்க வேண்டாம்.' கையெழுத்தும் போட்டார்.

விஜயம்மா இரண்டு முறை படித்தார்.

"அந்த ஒம்பது பக்கமும் எனக்கு மனசிலாகல்ல மக்கா. இது மனசிலாச்சு."

உடுதுணியை மூட்டை கட்டிக்கொண்டே உள்ளிருந்து கேட்டார்: "உன் வீட்டுல எனக்கொரு கட்டில் உண்டா?"

"உண்டு."

"ஆறு கோழியும் வரும்."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு, சிவதாணு கோழிக்கூட்டைத் தூக்கப் போனார்.