மாமியும் நானும் பார்த்த விண்வெளிப் படங்கள்

விண்வெளிப் படங்களைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். காலத்துக்குள் பின்னோக்கிப் போய்ப் பிழைகளைத் திருத்திக்கொண்டு வருகிற கதைகளை நான் ஒரு சதத்துக்கும் மதிப்பதில்லை. நினைத்தபோது திரும்பிப் போகலாம் என்றால் பிறகு யார் எதற்குப் பயப்படுவது? அதைவிட மோசமான காட்சி ஒன்று இருக்கிறது. வானத்தில் ஒரு பெரிய வெளிச்சம் வரும். சனங்கள் எல்லாம் வீட்டை விட்டு வெளியே ஓடிவந்து, வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். சுத்தப் பொய். மேலே இரைச்சல் கேட்டால் என்ன செய்வது என்று எங்கள் செட்டிபாளையத்தில் யுத்தத்துக்குள் வளர்ந்த என் வயதுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கட்டிலுக்குக் கீழே போவோம், பதுங்குகுழிக்குள் போவோம், வாழைக்குள் போய் விழுவோம். அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க மாட்டோம். அந்தப் படங்களை எடுப்பவர்களின் தலைக்கு மேலிருந்து இதுவரை எதுவும் விழுந்ததில்லை என்று எனக்கு அதிலேயே விளங்கிவிடும்.

அந்தப் படங்களில் வருகிற சாப்பாட்டைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு, அது மட்டும் என்னுடையதல்ல. அது என் மாமியுடையது. என் மனைவியின் தாயார்.

நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன். நகரத்து அச்சகங்களுக்குப் புத்தகப் பக்கங்களைக் கணினியில் அமைத்துக் கொடுப்பது தொழில். மனைவி வெல்லாவெளிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். விடியப் பஸ் ஏறி, பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து போனால் பின்னேரம்தான் திரும்புவாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே பகலில் வீட்டில் இருப்பது நானும் மாமியும் ஒரு பூனையும்.

வீடு மனைவியுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருகிறவன். அப்படி வந்து சேர்ந்த மருமகனுக்கு முன்னால் மாமி வந்து நிற்பதில்லை, முகம் பார்த்துக் கதைப்பதுமில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லுவார், மகள் புருஷனிடம் சொல்லுவாள். இப்போது பல வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி மருமகனை 'மனே' என்று மகனைப் போலக் கூப்பிட்டு, அவரோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார். எங்கள் மாமி தளர்த்தவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடமாகியும் அவர் என்னோடு நேரே ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் சொல்ல ஏதும் இருந்தால் பூனையிடம் சொல்லுவார்.

மத்தியானம் சோற்றை மேசையில் மூடி வைத்துவிட்டு அவர் அடுப்படிக்குள் போய்விடுவார். நான் சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் ஏதாவது விண்வெளித் தொடரின் ஒரு பகுதியைப் போடுவேன். தமிழில் குரல் கொடுத்த தொடர்களைத்தான் போடுவேன். ஏனென்றால் அடுப்படி வாசலில் தொங்கும் திரைச்சீலைக்குப் பின்னால் பலகையைப் போட்டு மாமியும் உட்கார்ந்திருப்பார். தான் பார்ப்பதாக அவர் ஒத்துக்கொண்டதே இல்லை.

"கேட்டியா," என்பார் பூனையிடம். "மாசக் கணக்காக் கப்பல்ல போறானுகள். ஒருத்தனும் உலை வைக்கல்ல. குளிசையப் போட்டுப்போட்டுப் படுக்கிறானுகள்."

நான் சுவரைப் பார்த்து, "சத்தெல்லாம் அந்த மாத்திரைக்குள்ள இரிக்காம்," என்பேன்.

"சத்திரிக்கும். ருசி இரிக்கா எண்டு கேளு," என்பார் பூனையிடம்.

இந்த ஒரு கேள்வியால் எத்தனையோ தொடர்கள் என் மனதில் அடிபட்டுப் போயின. மனிதகுலத்தைக் காப்பாற்றுவதற்காகப் புறப்பட்ட கப்பலில் ஒரு சட்டி பானை கிடையாது. அப்படியானால் எந்த மனிதகுலத்தைக் காப்பாற்றப் போகிறார்கள்?

போன வருடம் முழுவதும் நாங்கள் ஒரு நீண்ட தொடரைப் பார்த்தோம். புழுதி நிறைந்த ஒரு கிரகத்தில் குடியேறப் போனவர்களின் கதை. கப்பலுக்குத் தலைவி ஒரு நடுத்தர வயதுப் பெண். கோபக்காரி. சிரிக்கவே மாட்டாள். மாமிக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆனால் படம் எடுத்த விதம் பிடிக்கவில்லை.

"எல்லாத்தையும் புகைக்குள்ள வெச்சிப் படம் புடிச்சிரிக்கானுகள்," என்றார் ஒருநாள். "ஆர் எவர் எண்டு தெரியுதுமில்ல."

எனக்கு மகா சந்தோஷம். நானும் பல காலமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தக் காலத்து விண்வெளிப் படங்களில் விளக்குப் போடுவதே இல்லை. இருட்டில் நீலத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, அதற்குப் பெயர் கலை என்கிறார்கள். அன்று பின்னேரம் மனைவியிடம், "உன் அம்மாவுக்குச் சினிமா தெரியும், பேப்பர்ல விமர்சனம் எழுதுறவனுகளுக்குத்தான் தெரியாது," என்றேன். மாதக் கணக்கில் மாமி இருட்டைப் பற்றிக் குறை சொன்னார், நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரசனை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

பிறகு ஒரு மத்தியானம், தலைவி கப்பலை விட்டு இறங்கி ஒரு வெள்ளை வெளியில் நடந்தாள். உப்பளம் மாதிரி வெளுத்த தரை, உச்சி வெயில். திரையின் வெளிச்சம் எங்கள் சுவரிலேயே அடித்தது.

"இதையும் இருட்டுக்குள்ளதான் எடுத்திரிக்கானுகள்," என்றார் மாமி பூனையிடம்.

வாய்க்குக் கொண்டுபோன சோறு கையிலேயே நின்றுவிட்டது. நான் அதுவரை ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். திரும்பிப் பார்த்தேன். திரைச்சீலை ஓரத்தில் மாமியின் முகம் தெரிந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. குரல் வந்த பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் இருந்த யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம். கண்வெள்ளை, அதாவது கண்புரை, படர்ந்த ஒரு மனுசியின் முறைப்பாட்டை நான் பட விமர்சனம் என்று ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். முகம் பார்ப்பதில்லை என்கிற மரியாதையை இரண்டு பேருமாகச் சேர்ந்து எவ்வளவு ஒழுங்காகக் காத்திருக்கிறோம் என்று நினைக்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். இந்த மனுசிக்குக் கண் தெரிய வேண்டும், அதில் வேறு பேச்சில்லை.

மனைவி ஒரு சனிக்கிழமை தாயைக் கண்வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் வெள்ளை. முதலில் ஒன்றைச் செய்யலாம், சின்ன ஒபரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று வைத்தியர் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் மாமி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். செய்யமாட்டன்.

ஒபரேஷனுக்கு அவர் பயப்படவில்லை. பிரச்சினை அதற்குப் பிறகுதான். வாரக் கணக்கில், ஒரு நாளைக்குப் பல தடவை, கண்ணுக்குத் துளிமருந்து விட வேண்டும். மகளுக்குப் பள்ளியில் பரீட்சைக் காலம், அதிகம் லீவு எடுக்க ஏலாது. மனைவி தாயோடு மல்லுக்கட்டிவிட்டு என்னிடம் வந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்: "நீ பள்ளிக்குப் போனா மருந்து ஆர் விடுற? மருமகன்ட முன்னுக்கு மூஞ்சிய நிமித்திக்கொண்டு இரிக்கச் சொல்றியா? கண் போனாப் போகட்டும்."

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலாமே என்றேன். நாளுக்குப் பல தடவை ஒருவரை வாசல் மிதிக்க வைத்து மாமி யாருக்கும் கடமைப்பட மாட்டாராம். மனைவி அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வந்தது பிடிவாதம்.

அப்போது அந்தத் தொடர் முடிவதற்குச் சில பகுதிகளே மிச்சம் இருந்தன. தலைவி கப்பலுக்கு வெளியே பழுது பார்க்கப் போயிருந்தாள், கயிறு அறுந்துவிட்டது, அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் நான் மேசையில் உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் போடாமல், பூனையைப் பார்த்துச் சொன்னேன்.

"இஞ்ச பார். கண்ணு தெரியாம ஒராள் உள்ளுக்க இரிக்கக்குள்ள நான் மட்டும் பார்க்கப் போறல்ல. ஒரு கண்ணாவது செஞ்ச பிறகுதான் இந்த வீட்டில படம்."

பூனை எழும்பிப் போய்விட்டது.

மறுநாள் சோற்றோடு வழக்கமாக வரும் மீன் ஆணம் வரவில்லை. பருப்பும் சோறும் மட்டும் வந்தது. அதற்கடுத்த நாளும் பருப்பு. ஆற்று மீன் வாங்கிக் கொடுத்தால் அது பூனைக்குப் போனது. சரி, பார்க்கலாம் என்று நான் பருப்பைச் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தத் தலைவி என்ன ஆனாள் என்று தெரியாமல் விசர் பிடித்தது. மனைவி தூங்கப் போன பிறகு களவாகப் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. "ரெண்டு பேருக்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேணும்," என்று மனைவி தலையில் கைவைத்தாள்.

பருப்பு தொடர்ந்தது. என்னுடைய அபிப்பிராயங்களிலும் ஒன்று அந்த நாட்களில் மாறியது. வேற்றுக் கிரகத்திலிருந்து யாராவது வந்து இறங்கினால் முதலில் மொழிபெயர்ப்பாளரைத் தேடி ஓடுவார்கள் அல்லவா, அதை நான் நல்ல புத்தி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நடுவில் ஒருவரை வைத்தே பேசிக்கொண்டிருந்தால் எதிரே நிற்பவனுக்கு என்ன வருத்தம் என்று கடைசிவரை தெரியாமல் போகும். முகத்தைப் பார்த்துப் பேசத் துணிகிறவன்தான் அந்தக் கதைகளில் வீரன். துவக்கை நீட்டிக்கொண்டு நிற்பவன் அல்ல.

ஒரு மத்தியானம் தட்டை மூடியிருந்த சுளகை எடுத்தேன். பொரித்த மீன் இருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பொம்புள கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தாளா எண்டு தெரியாமச் சாக ஏலாது," என்றார் மாமி, பூனையிடம். "ஒரு கண்ணச் செய்யிறன். மருந்த நானே விடுவன் எண்டு சொல்லு."

ஓம் என்றேன். அந்த மீனை நான் அவசரப்படாமல் சாப்பிட்டேன்.

ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மனைவி லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்து, முதல் இரண்டு நாளும் தானே மருந்து விட்டாள். மூன்றாம் நாள் அவள் பஸ் ஏறினாள். மருந்து நேரத்துக்கு நான் என் மேசையிலிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் போத்தல் மூடி திறக்கிற சத்தம். கொஞ்சம் பொறுத்து "சே" என்றார். திரும்பவும் "சே". பிறகு பெருமூச்சு.

நான் எழுந்து போனேன். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கன்னத்தில் மருந்து வழிந்திருந்தது, சட்டையும் நனைந்திருந்தது. பூனை பக்கத்தில்தான் இருந்தது. அதனிடம் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. திரைச்சீலையை ஒதுக்கினேன்.

"மாமி," என்றேன். "போத்தலத் தாங்க."

அவர் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். நான் அசையவில்லை. அவர் எழுந்து போகவும் இல்லை.

"மருந்து வீணாப் போகுது மாமி. இவ்வளவு பாடும் பட்டுப்போட்டு இந்தக் கண்ண விட ஏலாது. நீங்க ஏசினாலும் சரி, திரும்பவும் பருப்புத் தந்தாலும் சரி, நான் போகமாட்டன்."

பிறகு போத்தலைப் பிடித்த கை மெதுவாக என் பக்கம் நீண்டது. தலைப்பு இறங்கியது. அவர் முகத்தை நிமிர்த்தினார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

"கண்ணத் திறங்க மாமி."

திறந்தார். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து ஒரு துளி விட்டேன். அவர் முகம் கிட்ட இருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனைவியின் நெற்றி, மனைவியின் மூக்கு. வைத்தியர் சொன்னபடி கொஞ்ச நேரம் மூடி வைத்திருக்கச் சொன்னேன். மூடிக்கொண்டிருந்தார். நான் போத்தலை மூடிவிட்டு அங்கேயே குந்தியிருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். அந்தப் புதுக் கண்ணால் என்னை நேரே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கலியாணத்தண்டு ஒருக்காப் பார்த்தது, மனே," என்றார். "அப்ப ஒரு முடியும் நரைச்சிரிக்கல்ல."