உருண்டு போன தேசிக்காய்

வெள்ளிக்கிழமைகளில் கடையைத் திறந்ததும் தேசிக்காயை வெட்டி, குங்குமம் தடவி, வாசலின் இருபுறமும் வைப்பேன். கண்ணூறு கழிக்கத்தான். இந்த இத்தாலிய நகரத்தில் எங்கள் கடை இருக்கும் கபோ சந்தைத் தெரு சரிவானது. அன்று ஒரு பாதி உருண்டு, பக்கத்துச் சலூனின் வாசற்படியில் போய் நின்றது.

சலூன்காரி கானா நாட்டவள். முடி பின்னுவதில் கெட்டிக்காரி. என் மகளுக்கும் பின்னிவிட்டிருக்கிறாள். சிவப்புப் பூசிய காயைத் தன் வாசலில் கண்டதும் யாரோ சூனியம் வைத்துவிட்டதாக நினைத்துக் கத்தினாள். நானும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அவளை விடப் பெரிதாகக் கத்தினேன். சந்தையே கூடி வேடிக்கை பார்த்தது. யாரோ கைபேசியில் படம் பிடித்தார்கள்.

மத்தியானம் அவளே வந்து என்ன அது என்று கேட்டாள். சொன்னேன். தன் ஊரிலும் கண்ணூறு உண்டென்று சிரித்தாள். தேநீர் குடித்தோம். எங்களைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

மறுநாள் தொலைக்காட்சியில் ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் மோதல் என்றார்கள். என் கூச்சலை வெட்டிவிட்டு அவள் கத்துவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நாங்கள் அமைதியான, உழைப்பாளிச் சமூகமாம். இரண்டு கையும் தட்டினால்தானே ஓசை? செய்தியில் ஒரு கைதான் இருந்தது.

கணவருக்குச் சந்தோசம். "பாத்தீரே, எங்களைப் பற்றி நல்லாத்தான் சொல்லுறாங்கள்."

"நான் எப்ப அமைதியாய் இருந்தனான்?"

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுதானே."

இரண்டு கடைகளும் வாடகைக்கு இருக்கும் கட்டடத்துக்கு ஒரே முதலாளி. செய்தியைப் பார்த்துவிட்டு, மாத முடிவில் சலூனைக் காலி செய்யும்படி அவளிடம் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகர நடுவில் பொலிதேயாமா பக்கம் இருக்கும் அவருடைய அலுவலகத்துக்குப் போய், தேசிக்காயிலிருந்து தேநீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"பயப்படாதீர்கள் சிஞ்ஞோரா, இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்றார்.

"நானும்தான் கத்தினேன்" என்று மேசையில் தட்டிக் கத்தினேன். சந்தையில் கத்தியதை விடப் பலமாக.

அவர் எழுந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"பாவம், உங்களை நன்றாகப் பயமுறுத்திவிட்டாள்."

மாதம் முடிய அவள் சுவர்க் கண்ணாடிகளைக் கழற்றினாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அதைப் படம் பிடிக்க ஒருவரும் வரவில்லை.