நான் திருத்திய ஜெபச் சீட்டு

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளி ஆர்டர்கள் குவிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்த ஆடி மாதம். ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில் நடந்தது இது. கோயில் என்றால் எங்களுக்கு சர்ச்சுதான். நான் பள்ளி ஆசிரியை. குரல் கணீரென்று இருக்கும் என்பதால், ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளையும், சபையார் எழுதிக் கொடுக்கும் ஜெபச் சீட்டுகளையும் வாசிக்கும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த மாதம் ஒரு நாள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில், வெடிமருந்து கலக்கும் அறை வெடித்தது. எங்கள் சபைப் பெண் ஒருத்தி, இருபத்திரண்டு வயது, உடம்பில் பாதி வெந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கம்பெனியோ, 'அவள் எங்கள் வேலையாளே இல்லை, யாருக்கோ சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்த இடத்தில் சிக்கிக்கொண்டாள்' என்று சாதித்தது. பதிவேட்டில் பெயர் எழுதாமல் வேலை வாங்குவது, வெடித்துவிட்டால் ஆளையே தெரியாது என்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வித்தை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வேலையாள் என்று ஒப்புக்கொண்டால்தான் வைத்தியச் செலவும் நிவாரணமும் கிடைக்கும், வழக்கும் எடுபடும்.

அந்த வார ஞாயிறு, அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்க்கும் அவளுடைய அக்கா ஒரு ஜெபச் சீட்டு கொடுத்தாள். 'என் தங்கச்சி மருந்து அறையில் ஐந்து மாதமாக வேலை பார்த்தாள். இல்லை என்கிறார்கள். கூட வேலை பார்த்தவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் உண்மையைச் சொல்லவும், எங்களுக்கு நியாயம் கிடைக்கவும் ஜெபிக்கவும்.'

சீட்டைப் பிரித்ததும் என் கண் முதல் வரிசைக்குப் போனது. அந்தக் கம்பெனியின் ஃபோர்மேன் அங்கே உட்கார்ந்திருந்தார். எங்கள் சபைக் கமிட்டியிலும் அவர் இருக்கிறார். பத்தாம் வகுப்புக் கட்டுரையைத் திருத்துகிற கைக்குத் திருத்தவா தெரியாது? 'தீக்காயம் அடைந்த சகோதரிக்குப் பூரண சுகமும், குடும்பத்தாருக்கு ஆறுதலும் கிடைக்க ஜெபிப்போம்' என்று வாசித்தேன். சபை முழுவதும் ஆமென் என்றது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் ஃபோர்மேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த அக்கா என்னை நிறுத்தினாள். அழவில்லை.

"நான் எழுதுனது வேற, நீங்க வாசிச்சது வேற டீச்சர். ஆறுதல் சொல்ல வாரவுக வந்துக்கிட்டேதான் இருக்காக. அவ அங்கன வேலைதான் பாத்தான்னு சொல்லத்தான் ஒரு ஆளு இல்ல."

'கோயிலில் போய் அதையெல்லாம்...' என்று ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பாதியில் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஞாயிறுதோறும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு, ஏழைகளுக்காக ராஜாவையே எதிர்த்து நின்ற தீர்க்கதரிசிகளின் கதைகளைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான். ராஜாவை விடுங்கள், ஒரு ஃபோர்மேனின் முகத்தைப் பார்த்தே எனக்கு வாய் அடைத்துவிட்டது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அக்காவோடு மதுரைக்குப் போனேன். தீக்காய வார்டில் அவள் முகம் மட்டும்தான் கட்டுப் போடாமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள்.

"எனக்காக ஜெபிச்சீகளாம்ல டீச்சர். நா என்ன வேல பாத்தேன்னும் சொன்னீகளா?"

கொண்டுபோன ஆரஞ்சுப் பழப் பையை எங்கே வைப்பது என்று தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. கம்பெனி மேல், ஃபோர்மேன் மேல், ஆமென் சொன்ன சபை மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். உயிரோடு வெந்து கிடக்கிறவளை, 'நீ அங்கே இல்லவே இல்லை' என்று சொல்ல இவர்களுக்கு எப்படி நாக்கு வந்தது? படித்தும் படிக்காததுபோல் பூசி மெழுக எனக்கு எப்படி மனசு வந்தது?

அடுத்த ஞாயிறு அதே சீட்டை எடுத்துப்போய், ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். 'போன வாரம் இதை நான் மாற்றி வாசித்தேன், அது பாவம்' என்றும் சொன்னேன். சபையே வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டதுபோல் இருந்தது. பின்வரிசையிலிருந்து அக்காவின் ஆமென் மட்டும் தனியாகக் கேட்டது. போதகர் கண்களை மூடிக்கொண்டார். ஜெபித்தாரா, பார்க்கப் பிடிக்காமல் மூடினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்ததும் ஃபோர்மேன் வழிமறித்தார். "கம்பெனி சமாச்சாரத்த எதுக்கு டீச்சர் கோயிலுக்குள்ள இழுக்கீக? எம்புட்டுக் குடும்பம் இத நம்பிப் பொழைக்குது!"

"பொழைக்கத்தான போனா அவளும்?" என்றேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். அவளோடு வேலை பார்த்தவர்கள். "நாங்க சொல்லுதோம் டீச்சர். ஆனா தனியாப் போகப் பயமா இருக்கு, நீங்களும் கூட வாங்க" என்றார்கள். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் மூவருமாகப் போனோம். பெஞ்சில் காத்துக் கிடந்து, இருவரும் நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வாரமே இருவருக்கும் வேலை போயிற்று.

கடைசியில் அவள் வேலையாள்தான் என்று பதிவானது, நிவாரணமும் வந்தது. பிழைத்து வீடு திரும்பினாள். ஆனால் வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. வழக்கு வாய்தாவிலேயே கிடக்கிறது, கம்பெனி புது வெள்ளையடித்து அடுத்த சீசனையும் பார்த்துவிட்டது. அறிவிப்பு வாசிக்கும் வேலையைக் கமிட்டி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

இப்போது யாராவது, 'எனக்காக ஜெபம் பண்ணுங்க டீச்சர்' என்று வந்தால் பண்ணுகிறேன். பண்ணிவிட்டு, எந்த ஆபீசுக்குக் கூட வரவேண்டும் என்றும் கேட்கிறேன். ஏனென்றால், அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் செய்த ஒரு ஜெபம், கம்பெனி சொன்ன பொய்க்கு ஏழு நாள் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது.