கோகிலவாணியின் பகல் தூக்கம்

ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சாமை மில்லில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எல்லாரும் சாக்குமேல் ஒருக்களித்துப் படுத்துவிடுவார்கள். கோகிலவாணி மட்டும் படுக்கமாட்டாள். மெஷின் நின்றுபோன அந்த அமைதியில் வாசற்படியில் நின்றுகொண்டே இருப்பாள். கால் வலிக்கவில்லையா என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். பகலில் அவள் கண்ணை மூடி வருஷக்கணக்காகிறது.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடிக்கும். மலைக்குக் கீழே, போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சகுந்தலா பேசுவாள். சகுந்தலா அவளுக்குச் சொந்தமும் இல்லை, ஊரும் இல்லை. செத்துப்போன சிநேகிதி நதியாவைப் பெற்றவள்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேங்கம்மா."

"தூங்கினியா?"

"ஆங், இப்பத்தான் எழுந்தேங்கம்மா."

"நல்லா தூங்கு கண்ணு. வெச்சிடறேன்."

தினமும் இவ்வளவுதான் பேச்சு. விசாரிக்க உலகத்தில் எத்தனையோ இருக்க, இந்தம்மா ஏன் தூக்கத்தையே பிடித்துக்கொண்டு விசாரிக்கிறாள்? போனை இடுப்பில் செருகும்போது கோகிலவாணிக்குக் கை சில்லிட்டுப் போயிருக்கும். ஏனென்றால் நதியா செத்தது ஒரு பகல் தூக்கத்தில். அந்தத் தூக்கத்தில் இன்னொருத்தியும் தூங்கினாள் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கதை அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில் தொடங்கியது. மலையில் அந்தச் சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் பிரேக் பிடிக்காது. பலபேர் அதைத் திண்டாட்டம் என்று மலைக்குக் கீழே கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கோகிலவாணி மட்டும் அதன்மேல் ஏறி, பஸ்ஸே முனகிக்கொண்டு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக மிதித்துத் தள்ளினாள். யாரோ பார்த்தார்கள், யாரோ சொன்னார்கள், விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. அங்கே ஒரே அறையில் இருந்தவள்தான் நதியா. மலையடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். முதல் நாளே, "நீ எங்க வூட்டு மாடியிலருந்து பாத்தா தெரியற மலையா?" என்று கேட்டுச் சிரித்தவள்.

இரண்டு பேரும் ஒரே வேகம், ஒரே பசி. மெடல்கள் வந்தன. பிறகு வெளிமாநிலத்தில் ஒரு தனியார் டீம் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. மஞ்சள் சட்டை, காற்றைப் போலக் கனமில்லாத சைக்கிள், கூடவே பயிற்சி கொடுக்க ஒரு மாஸ்டர். வாயில் தேன் ஒழுகப் பேசுகிற ஆள். முதலில் சத்து மாத்திரை என்றான். அப்புறம் ஒருநாள், தயிர்ப் பாக்கெட்டுக்குப் பின்னால் ஃபிரிஜ்ஜில் சின்னச் சின்ன ஊசிகளை வைத்துவிட்டுப் போனான். ரத்தத்தை ஊற வைக்கிற மருந்து. கிட்னி கெட்டவர்களுக்கே தைரியமாகப் போடுகிறார்கள், உங்களுக்கு என்ன என்று கேட்டான். படுபாவி, அவன் பெற்ற பெண்ணாக இருந்தால் போட்டிருப்பானா?

நதியாவுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும் பயம். கோகிலவாணிக்கோ ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பழகிய கை. "நீயே போடு, நான் அந்தாண்ட திரும்பிக்கறேன்" என்று நதியா தோளைக் காட்டுவாள். கோகிலவாணி அவளுக்கும் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். மேடு இறக்கமாகிப் போனதுபோல இருந்தது. எல்லாரும் அப்படித்தான் ஜெயிக்கிறார்கள் என்று மாஸ்டர் சொன்னான். ஜெயித்தார்கள்.

ஆனால் ஊறிய ரத்தம் கெட்டியாகிவிடும். மிதிக்கும்வரை ஓடும், படுத்தால் சோம்பும், நெஞ்சும் அதோடு சேர்ந்து மெதுவாகும். அதற்காக மார்பில் ஒரு பட்டை கட்டிக்கொண்டுதான் தூங்கவேண்டும். துடிப்பு ரொம்பவும் இறங்கினால் பட்டை கீச்சு கீச்சென்று கத்தும். உடனே எழுப்பி, தண்ணீர் குடிக்கவைத்து, அறையிலேயே ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் சைக்கிளில் ஏற்றி மிதிக்கவைக்க வேண்டும். அதனால் காலைப் பயிற்சிக்குப் பிறகு ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி முழித்திருப்பது என்று இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கு முழித்திருக்க வேண்டியது கோகிலவாணி. காலையில் நீளமான மேடு ஒன்றை இரண்டு முறை ஏறியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்குமேல் நினைவில்லை.

கண் விழித்தபோது அறையில் சத்தமே இல்லை. அவள்மேல் நதியாவின் போர்வை கிடந்தது, கழுத்துவரை இழுத்து ஓரம் செருகியிருந்தது. கட்டிலில் நதியா அவளைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. மார்பில் கட்டியிருந்த பட்டை கழற்றப்பட்டு, மடித்து, தலையணைக்கு அடியில் இருந்தது.

ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் கோகிலவாணி செய்த முதல் காரியம் அந்தப் பட்டையை எடுத்து ஒளித்ததுதான்.

இதயம் நின்றுவிட்டது, வெயில் காரணம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து டீமில் மிச்சமிருந்தவர்களைச் சோதித்தார்கள். கோகிலவாணியின் மாதிரியில் மருந்து இருந்தது. "நான் மட்டும்தான் போட்டுக்கிட்டேன், நதியாவுக்கு எதுவும் தெரியாது" என்று சொன்னாள். மாஸ்டர் கைகழுவிவிட்டு வேறு ஊருக்குப் போனான். அவளுக்கு நாலு வருஷம் தடை. நதியாவின் மெடல்கள் நதியாவுக்கே நின்றன. சுத்தமாக ஓட்டிச் செத்தவள் என்று ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கோகிலவாணி மலையேறி வீடு வந்து சேர்ந்தாள். பேப்பரில் ஊக்கமருந்து என்று படித்த சிலபேர், பெண்பிள்ளை குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டினாளாம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் அம்மா அம்மாக்கண்ணு மட்டும் ஒன்றும் கேட்காமல் தட்டில் களியை வைத்தாள். அந்த அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை. ஆனால் சைக்கிள் அவளை விடவில்லை. காலையில் மஞ்சுப்பனி மூடிய பாதையில் ஸ்கூட்டியில் மில்லுக்கு வரும்போது, இறக்கத்தில் வண்டியின் சத்தம் அடங்குகிற இடத்தில், பின்னால் கிர்ர்ர் என்று கேட்கும். மிதிக்காமல் விட்ட சைக்கிளின் பின்சக்கரம் சுற்றுகிற சத்தம். நின்றால் அதுவும் நிற்கும். திரும்பினால் மஞ்சுதான் இருக்கும். மனசு செய்கிற வேலை என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஒருநாள், கூட வேலை செய்யும் சின்னக்குழந்தை என்கிற பெண் மில் வாசலில் நின்று, "யாருடி அது, உன் பின்னாலயே சைக்கிள்ல வந்தது? மஞ்சா சட்ட போட்டுகினு?" என்று கேட்டாள். அன்றைக்குச் சாமை புடைக்கும்போது கோகிலவாணி பாதி தானியத்தைத் தரையில் சிந்தினாள்.

இந்த மாசி மாதம் சகுந்தலாவின் போன் கொஞ்சம் நீண்டது. மகன் சுரேஷுக்குக் கல்யாணம். "அதுக்கு முன்னால நதியாவ அழைக்கறோம்மா. நீ வரணும். உன்ன வுட்டா அவளுக்கு யார் இருந்தா?"

கீழ்நாட்டில் அது ஒரு வழக்கம். வீட்டில் அகாலமாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். ஒரு கல்யாணம் என்றால், முதலில் கிணற்றடியில் அவளைப் பம்பை மேளம் அடித்து அழைத்து, புதுப்புடவையும் பூவும் கொடுத்து, உத்தரவு வாங்க வேண்டும். அவள் யார்மேலாவது வருவாள், வந்து பேசுவாள். நதியா செத்த அடுத்த வருஷமும் ஒருமுறை அழைத்தார்களாம். கோகிலவாணி அப்போது தலைவலி என்று தப்பித்துக்கொண்டாள். இந்தத் தடவை சரி என்று வாய் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் யோசித்தாள். அத்தனை சனம் கூடியிருக்கிற இடத்தில் நதியா வந்து, யார் ஊசி போட்டது, யார் தூங்கியது என்று வாயைத் திறந்தால்? சகுந்தலாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தம்மாவிடம் மிச்சமிருந்தது அந்தச் சுவரில் தொங்கும் மெடல்கள்தானே.

இருந்தும் பஸ் ஏறினாள். வெயில் கொளுத்தும் பிற்பகல். நிலத்துக் கிணற்றடியில் வாழையிலை விரித்து, பச்சைப் புடவை, வளையல், மல்லிகைப்பூ, நதியாவுக்குப் பிடித்த தேங்காய்ப் பன், அவளுடைய மஞ்சள் சட்டை எல்லாம் வைத்திருந்தார்கள். சுரேஷ் கிணற்றுத் தண்ணீர் நிரம்பிய செம்பைப் பூச்சுற்றி இரண்டு கையாலும் ஏந்தி நின்றான். செம்பு கனத்தால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். போன தடவை நதியா இறங்கியது அவள் அத்தை மாணிக்கம்மாள்மேல். அதனால் அந்தம்மா தலையை விரித்துப்போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பம்பைக்காரர் தசரதன் அடிக்க ஆரம்பித்தார்.

அடித்தார், அடித்தார், சட்டை நனைந்து ஒட்டும்வரை அடித்தார். மாணிக்கம்மாள் அசையவில்லை. செம்பு கனக்கவில்லை. மரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. கடைசியில் அவர் பம்பையை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பொண்ணு வந்து வெளியே நிக்குது. யாரோ மனசுல ஒண்ண வெச்சிகினு வழிய மறிக்கறாங்க. இன்னான்னு தெரியல. வழி வுடுங்க."

பம்பை நின்ற அமைதியில் கோகிலவாணிக்கு மட்டும் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து, ஆழத்திலிருந்து, கீச்சு கீச்சென்று அந்தப் பட்டையின் சத்தம். அன்றைக்குக் கேட்காத சத்தம். காதைப் பொத்திக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். சனம் பயந்து விலகியது. சாமி மலைக்காரிமேல் இறங்கிவிட்டது என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"யாரும்மா வந்திருக்கறது?" என்று தசரதன் குனிந்து கேட்டார்.

"யாரும் வரலீங்க. நான் கோகிலா." அவள் சகுந்தலாவைப் பார்த்தே சொன்னாள். "நதியாவும் மருந்து போட்டுகினா. அவளுக்கு ஊசின்னா பயம், நான்தான் போட்டு வுட்டேன். அவ தூங்கறப்ப நான் முழிச்சிருக்கணும்மா. முழிச்சிருந்து அவ நெஞ்சப் பாத்துக்கணும். நான் தூங்கிட்டேன். எழுந்து பாக்கறேன், போயிருந்தா. இத்தினி வருசமா உங்ககிட்ட பொய் சொல்லிகினு இருந்தேன்."

சுரேஷின் முகம் கறுத்தது. "எங்க அக்காவக் கொன்னுட்டு எங்க வூட்டுக்கே வந்தியா? வெளிய போடி!" என்று கத்தினான். செம்பை வைத்திருந்ததால் அடிக்கக் கை இல்லை. யாரோ அவனைப் பிடித்தார்கள்.

சகுந்தலா அழவில்லை. அவள் உதடு மட்டும் ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல அசைந்தது.

"நீ தூங்கிகினா இருந்தே?"

"ஆமாங்கம்மா. நாற்காலிலயே."

"போன தபா வந்தப்ப அவ புடவ கேக்கல, பூ கேக்கல" என்றாள் சகுந்தலா மெதுவாக. "ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'கோகிலாவ எழுப்பாதீங்க, களைச்சுப்போய் தூங்கறா'ன்னு. திரும்பத் திரும்ப அதையே சொன்னா. எங்களுக்குப் புரியல. நீ அங்க தூக்கமில்லாம கஷ்டப்படறே, அதத்தான் சொல்றா போலன்னு நெனச்சேன். அதான் தெனம் கேட்டேன், தூங்கினியா தூங்கினியான்னு."

கோகிலவாணிக்குக் கழுத்துவரை போர்த்தி ஓரம் செருகிய அந்தப் போர்வையின் கனம் திரும்ப மேலே வந்து விழுந்தது. அதைப் பற்றி அவள் ஒரு ஈ காக்கையிடமும் சொன்னதில்லை. பட்டை கத்தியிருக்கிறது. நதியா எழுந்திருக்கிறாள். சத்தம் கேட்டு இவள் முழித்துவிடக்கூடாதென்று அதைக் கழற்றி மடித்து வைத்து, இவளுக்குப் போர்த்திவிட்டு, கொஞ்சநேரம்தானே என்று திரும்பப் படுத்திருக்கிறாள். எழுப்பியிருக்கலாமே பாவி, ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கோகிலவாணி மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அம்மா" என்றான் சுரேஷ். அவன் குரல் மாறியிருந்தது. செம்பை ஏந்திய கை இரண்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தன. முழங்கால் மடிந்து அவன் தரையில் உட்கார்ந்தான். "கனக்குதும்மா."

தசரதன் பம்பையை எடுத்தார். சகுந்தலா செம்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. இலைக்கு அருகில் போய், புடவையும் பூவும் இருக்க, அந்த மஞ்சள் சட்டையை மட்டும் எடுத்துச் சுருட்டி, பொங்கலுக்கு மூட்டியிருந்த அடுப்பு நெருப்பில் போட்டாள். கோகிலவாணி எப்போது எழுந்தாள், எந்த பஸ்ஸைப் பிடித்தாள் என்று அங்கே யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மில்லில் மெஷின் நின்றது. பெண்கள் சாக்குமேல் படுத்தார்கள். கோகிலவாணி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நேரம் தாண்டியது. போன் அடிக்கவில்லை. இனிமேல் அடிக்காது, நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு மஞ்சில் பின்னால் எந்தச் சைக்கிளும் வரவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி உடம்பு தளர்ந்தது. வாசற்படியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தாள். கண் தானாகச் சொக்கியது. யாரோ பக்கத்தில் நின்று கழுத்துவரை எதையோ இழுத்துப் போர்த்துவதுபோல இதமாக இருந்தது.

போன் அடித்தது.

திடுக்கிட்டு எடுத்தாள். அதே குரல்தான். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"முழிச்சிருக்கியா?" என்றாள் சகுந்தலா.

"முழிச்சிருக்கேங்கம்மா."

"முழிச்சே இரு."

அவள் போனை வைக்கவில்லை. கோகிலவாணியும் வைக்கவில்லை. எழுந்து நின்றுகொண்டாள்.