பின் சக்கரத்தில் எழுபத்து நான்கு

சிட்லபாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் லாசரஸ், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். யார் வண்டி வாசலில் நின்றாலும் குனிந்து டயரில் பொறித்திருக்கும் எண்களைப் படித்துவிட்டுத்தான் வந்தவரை நலம் விசாரிப்பார். என் ஸ்கூட்டரையும் விட்டதில்லை. "சூர்யநாராயணன் சார், இந்த டயர் செஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. மாதா புண்ணியத்துல ஓடிட்டிருக்கு" என்பார். எரிச்சலாக வரும். ஆனாலும் அடுத்த வாரமே மாற்றிவிடுவேன்.

அவருடைய வண்டி நெடுந்தூரப் பயணத்துக்கான கனமான மோட்டார் சைக்கிள். வெறும் வண்டியே நானூறு கிலோவுக்குக் கிட்டே வரும். இருபுறமும் பெட்டிகள், பின்னால் சாய்மானம் வைத்த சீட். அந்தச் சீட் அவர் மனைவி அமலராணிக்கு. ஆபீஸுக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடிக் களைத்த அந்த அம்மாள் அதில் ஏறி உட்கார்ந்ததும் பத்து வயது குறைந்துவிடும்.

அதே மாடல் வண்டி அவர் நண்பர் ஜெர்சனிடமும் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். திருமுடிவாக்கத்தில் ஜெர்சனுக்குச் சின்னதாக ஒரு பட்டறை. இரண்டு வண்டிகளுக்கும் பாகங்களை வரவழைத்து மாட்டுவது அவர்தான். ஆனால் அவர் எப்போதும் தனியாகத்தான் போவார். அவர் மனைவி ஹெப்சிக்கு அந்த வண்டியைக் கண்டாலே பயம்.

இந்த வருஷம் இரண்டு வண்டிக்கும் பின் டயர் ஒன்றாகத் தேய்ந்தது. கல்யாண நாளுக்கு அமலராணியை வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போவதாக லாசரஸ் சொல்லியிருந்தார். இரண்டு டயர் சொல்லிவைத்துக் காத்திருந்தபோது ஜெர்சன் வந்து கையை விரித்தார். "நம்ம சைஸ் வர்றதே நின்னுபோச்சு மச்சான். உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

வாத்தியார் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பழைய டயர் நூற்றி எண்பது மில்லிமீட்டர் அகலம், அதில் அறுபத்தைந்து சதவீத உயரம். எழுபது போட்டால் மட்கார்டில் உரசும். அகலத்தைக் குறைத்தால் ரிம்மில் சரியாக உட்காராது. அறுபது போட்டால் வண்டி ஒரு சென்டிமீட்டர் தாழும், அவ்வளவுதான். கடைசியில் அறுபது என்று முடிவு செய்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கடைசியில இருக்கிற எடை நம்பர் எண்பதுக்குக் கீழ போகக் கூடாதுடா. எண்பதுன்னா பின் சக்கரம் மட்டும் நானூத்தம்பது கிலோ தாங்கும். எழுபத்து நாலும் இதே சைஸ்ல வருது, அது முன்னூத்தி எழுபத்தஞ்சுதான். ராணியும் பெட்டியும் ஏறினா பத்தாது."

"எண்பதேதான். நான் பார்த்துட்டேன்" என்றார் ஜெர்சன். தன் கையாலேயே மாட்டியும் கொடுத்தார். லாசரஸ் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

வேளாங்கண்ணிக்குப் போக வர அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். புறப்பட்ட அன்று ஜெர்சன் வந்து, "எனக்காகவும் ஒரு மெழுகுவத்தி ஏத்தும்மா" என்று அமலராணியிடம் சொன்னதை நானே கேட்டேன்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து அவர்கள் வீட்டில் பிரியாணி. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஜெர்சன் வண்டியைக் கேட்டுக்குள் நிறுத்தியதும் வாத்தியார் வழக்கம்போலக் குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

"நம்ம பழைய அறுபத்தஞ்சு போட்டிருக்க. எடை நம்பர் எண்பத்தொண்ணு. எப்ப மாத்துன?"

ஜெர்சன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உனக்கு மாட்டுன வாரம்தான். நம்ம சைஸ்ல ஒண்ணுதான்டா வந்துச்சு."

லாசரஸ் தன் வண்டிக்குப் போனார். புது டயர் மாட்டிய பிறகு முதல் முறையாக அதன் பின் சக்கரத்தருகே மண்டியிட்டுக் கைக்குட்டையால் புழுதியைத் துடைத்தார். எழுபத்து நான்கு.

"நீ தனியாப் போறவன்" என்றார் லாசரஸ். குரல் உயரவில்லை. "நான் அவள ஏத்திக்கிட்டுப் போறேன்னு தெரியும். எண்பதுன்னு சொன்ன."

"ஒண்ணும் ஆகலியே மச்சான். எண்பது கிடைக்கல. கிடைக்கலன்னு சொன்னா என்னோடத கேப்ப." ஜெர்சன் என்னைப் பார்த்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அதோட, நீ எப்படியும் படிப்பேன்னு நெனச்சேன். ஊர்ல எல்லார் டயரையும் படிக்கிற ஆளு. ஒண்ணும் சொல்லலயே, சரின்னு விட்டுட்டான்னு நெனச்சேன்."

"நீ மாட்டினதுடா" என்றார் லாசரஸ். "அதை நான் எதுக்குடா படிக்கணும்?"

நாற்பத்தெட்டு வருஷத்து நட்புக்கு ஒரு ரப்பர் வளையம்தான் விலை என்று நினைக்க எனக்குக் கோபமாக வந்தது. லாசரஸுக்குக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

உள்ளேயிருந்து அமலராணி குரல் கொடுத்தார். "ஜெர்சன் அண்ணா, சாப்பாடு ஆறுது. வெயில்ல நின்னு என்ன பேச்சு?"

லாசரஸ் ஜெர்சனுக்காகத் தெருக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ராணி," என்றார் உள்ளே பார்த்து, "மேஜையிலேருந்து ஒரு தட்டை எடுத்துடு."